ஆழ்வார்திருநகரிக்குக் கொண்டு போன தாழ்ப்பாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை எழும்பூரில் கப்பல் வண்டி ஏறினேன். தூத்துக்குடியில் கொழும்புக் கப்பலைப் பிடிக்கப் போகிறவர்களுக்காக ஓடும் ரயில் என்பதால் அதற்கு அந்தப் பெயர். நான் கொழும்புக்குப் போகிறவன் அல்ல, நாற்காலி மேசைகளுக்குப் பின்னால் போகிறவன். எங்கள் கம்பெனிக்குத் தென் ஜில்லாக்களில் கிளை ஆபீஸுகள் சில உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. ஒன்றில் ஏஜண்ட் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கையெழுத்துப் போடுவாராம். இன்னொன்றில் விளக்கே கிடையாது, பொழுது சாய்ந்தால் ஆபீஸும் சாய்ந்துவிடும். இதையெல்லாம் கேள்விப்பட்ட எங்கள் பெரிய துரை, கிளைகள் அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கென்று ஒரு சிறு புத்தகமே அச்சடித்துவிட்டார். மேசை எவ்வளவு உயரம், கடிகாரம் எந்தச் சுவரில், தீயணைக்கும் சிவப்பு வாளிகள் எந்த மூலையில் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தின்படி சாமான்களைக் கொண்டு போய்ப் பொருத்திவிட்டு வருவது என் உத்தியோகம்.

ரயிலில் பொழுதுபோக்குக்கு அதைப் படித்துக்கொண்டு வந்தேன். ஒரு விதி என்னைச் சிரிக்க வைத்தது. மனிதன் உட்கார்ந்து வேலை செய்யும் எந்த அறையின் கதவும் உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டுமாம். இதையும் ஒருவன் மெனக்கெட்டு எழுதுவானா, கதவு பின்னே எங்கிருந்து திறக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த கருப்பட்டி வியாபாரி, "என்ன அண்ணாச்சி, தனியா சிரிக்கிய?" என்று கேட்டு ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தார்.

திங்கட்கிழமை பிற்பகல் மணியாச்சியில் வண்டி மாறித் திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் இறங்கினேன். வெயில் முதுகில் அடுப்பு மூட்டியது. முன்பே சரக்கு வண்டியில் அனுப்பியிருந்த சாமான்கள் ஒன்றும் உடையாமல் வந்து கிடந்தன. நாலணாவுக்கு ஒரு ஜட்கா பேசிக்கொண்டு தச்சநல்லூர்க் கிளைக்குப் போனேன். அங்கே போன வருஷமே நாற்காலிகள் அனுப்பியாகிவிட்டது. சரியாக இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் போதும் என்றுதான் துரையின் உத்தரவு.

உள்ளே நுழைந்து பார்த்தால் குமாஸ்தாக்கள் நால்வரும் பாயில் சம்மணம் போட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் எங்கே என்று கேட்டேன். ஒருவர் பேனாவால் மேலே காட்டினார். அண்ணாந்து பார்த்த நான் அப்படியே நின்றுவிட்டேன். கம்பெனியின் நான்கு தேக்கு நாற்காலிகளும் உத்தரத்திலிருந்து கயிற்றில், வீட்டில் உறிப்பானை தொங்குவதுபோல வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"கீழ வச்சா கறையான் அரிச்சுப்போடும்லா," என்றார் அவர். "மெட்ராஸ்ல இருந்து ஆள் வாராகன்னா எறக்கிருவோம். நீங்க சொல்லாமக் கொள்ளாம வந்துட்டிய."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாற்காலிகளை இறக்கச் சொல்லி, நால்வரையும் உட்கார வைத்து, நான் போகும் வரையில் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் தெருமுனை தாண்டியதும் அவை மறுபடி மேலே ஏறியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டிய அதிசயத்தைப் பார்த்தாகிவிட்டது, இனி எதைக் கண்டாலும் திடுக்கிட மாட்டேன் என்று அன்று நினைத்தேன். என் எண்ணத்தில் மண் விழ மூன்று நாள்கூட ஆகவில்லை.

புதன்கிழமை, விடிவதற்கு முன்பே ஆழ்வார்திருநகரிக்குப் புறப்பட்டேன். அங்கே கம்பெனி புதிதாகச் சாமான் போடப்போகும் கிளை இருக்கிறது. பாலத்திலிருந்து இருபது மைல். சாமான்களோடு என்னையும் ஏற்றிக்கொள்ள மேலப்பாளையத்து மைதீன் என்ற வண்டிக்காரர் இரண்டரை ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும். மாடுகளை அடிக்க மாட்டார், அதட்டவும் மாட்டார். அவற்றோடு ஓயாமல் பேசிக்கொண்டே வருவார். பாளையங்கோட்டையைத் தாண்டும்போது மாதாகோயில் மணி அடித்தது. செய்துங்கநல்லூர், கருங்குளம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இடது பக்கம் வாழைத் தோட்டங்களும் வயலும், அவற்றுக்கு அப்பால் தாமிரபரணியும். வலது பக்கம் பார்த்தால் செம்மண்ணும் பனையும் தவிர வேறில்லை. ஒரே சாலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு தேசம் இருக்கிற இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"இம்புட்டுச் சாமானும் எதுக்குய்யா?" என்று கேட்டார் மைதீன்.

எல்லா ஆபீஸும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்காக என்று விளக்கினேன்.

"ஆபீசு ஒண்ணுபோல இருக்கும். உள்ள இருக்கிற மனுசன் ஒண்ணுபோல இருப்பானா?" என்று மாட்டிடம் கேட்டார்.

மாலையில் கோயில் கோபுரம் தெரிந்தது. கிளை ஆபீஸ் ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் இருக்கிறது. பனைமட்டையை அடித்து எடுக்கும் தும்பு என்ற நாரை அங்கே எடை போட்டு வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்புகிறார்கள். சீமையில் அதைக் கொண்டு பிரஷ் செய்கிறார்களாம். ஓட்டுக் கட்டிடம். முன்னால் ஆபீஸ் அறை, பின்னால் கூரை முட்டத் தும்பு அடுக்கிய கிடங்கு. இரண்டுக்கும் நடுவே, தெருப்பக்கம் கம்பி போட்ட சிறு ஜன்னலோடு, பணப்பெட்டி வைத்த ஒரு பெட்டியறை. தும்பு கொண்டு வருகிறவர்களுக்கு அந்த ஜன்னல் வழியாகத்தான் பணம் கொடுப்பார்கள். அந்த அறைக்கு இருக்கும் ஒரே கதவு கிடங்கை ஒட்டிய நடையில் இருந்தது. ஏஜண்ட் சிவசைலம் என்னை நன்றாகவே உபசரித்தார். அவர் வீட்டில் சாப்பிட்ட தேங்காய்ப்பால் சொதியை இன்னும் மறக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவரைப் பற்றி இனிச் சொல்லப்போவது நல்லதாக இருக்காது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸ் திறந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையும், கையில் சோற்றுத் தூக்கும் ஒரு செம்புத் தண்ணீருமாக வந்தார். காஷியர் ஞானமுத்து என்று ஏஜண்ட் எனக்குச் சொன்னார். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரின் மகன். அவர் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேரே பெட்டியறைக்குள் போனார். ஏஜண்ட் கதவைச் சாத்தி, தேங்காய் அளவு பூட்டு ஒன்றை வெளியே மாட்டிப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

விளையாட்டு என்று நினைத்தேன். ஏஜண்ட் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை.

"ஆளை உள்ளே வைத்தா பூட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பின்ன? பணம் உள்ள இருக்குல்லா. சாயங்காலம் வந்து தொறந்து விடுவேன்."

"அதுவரைக்கும் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?"

"காலையில எடை பாத்துச் சீட்டுக் குடுத்திருவேன். மத்தியானம் ஆத்துல ஒரு முங்கு, சாப்பாடு, பைய ஒரு தூக்கம்."

"நடுவில் ஏதாவது அவசரம் என்றால்?"

"மூணு வருசமா அவனுக்கு ஒரு அவசரமும் வரலியே!" என்று சிரித்தார் ஏஜண்ட்.

பின்னால் காய்ந்த தும்பு மலைபோல் அடுக்கியிருக்கிறது. நடுவில் ஒரு மனிதனைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ரயிலில் நான் சிரித்த விதி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் பெட்டியில் அந்த விதிக்காகவே வைத்திருந்த பித்தளைத் தாழ்ப்பாள் இருந்தது. வெளியே பூட்டு கிடையாது. உள்ளே இருப்பவர் போட்டால்தான் விழும், அவர் எடுத்தால்தான் திறக்கும். அதை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போய் ஜன்னல் கம்பி வழியாகக் காஷியரிடம் காட்டினேன். இன்றைக்கே மாட்டிவிடுகிறேன், இனி உங்களை யாரும் பூட்ட முடியாது என்று பெரிய உபகாரம் செய்கிறவன்போலச் சொன்னேன்.

ஞானமுத்து அதை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை உங்க பெட்டியிலயே வையுங்கய்யா. பூட்டச் சொன்னதே நாந்தான்."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது.

"எனக்கு முன்ன இங்கன இருந்தவுக பேர்ல ஒரு நா பணம் கொறையுதுன்னு பழி வந்துச்சு," என்றார். "கதவு தெறந்து கெடக்கும், நாலு பேர் வருவாக போவாக. யாரு எடுத்தான்னு யாருக்குத் தெரியும்? ஆனா ஊரு அவுகளைத்தான் சொல்லிச்சு. புள்ளகுட்டியோட ஊரைவிட்டே போயிட்டாக. இப்பம் பூட்டு வெளிய இருக்கு, சாவி ஏஜண்டு அண்ணாச்சி மடியில இருக்கு. சாயங்காலம் தொறந்ததும் அவுக என்னைச் சோதிச்சுப் பாத்துத்தான் விடுதாக. என்னை யாரு என்ன சொல்லிர முடியும்?"

"தினமும் உங்களைச் சோதிக்கிறாரா?"

"நாந்தான் சோதிக்கச் சொல்லுதேன். எங்க வீட்டுல சொத்துன்னா அது பேரு ஒண்ணுதான்யா. ரெண்டு தங்கச்சிக இருக்கு. காஷியர் கைய வச்சுட்டான்னு ஒரு சொல்லு வந்தாப் போதும், எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

அடுத்த ஆள் சீட்டை நீட்டினான். ஞானமுத்து வேலையில் குனிந்துவிட்டார். நான் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். சிறையில் இருப்பவனுக்கு விடுதலைச் சீட்டுக் கொண்டு வந்தால், சிறைதான் எனக்குக் காவல் என்கிறானே என்று எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில் பயமும் இருந்தது.

அன்று பகல் ஒரு மணி இருக்கும். ஏஜண்ட் ஆற்றுக்குப் போயிருந்தார். நானும், திரும்பும்போது என்னை ஏற்றிப் போகத் தங்கியிருந்த மைதீனும் ஆபீஸ் அறையில் கடிகாரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தோம். தும்பு கொண்டு வந்தவர்கள் பின்பக்கம் கிடங்கு நிழலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பின்னாலிருந்து ஒரு கூச்சல். நாங்கள் ஓடிப் பார்ப்பதற்குள் கிடங்கின் வாயிலில் தீ ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. காய்ந்த தும்பு எரிகிற வேகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை, இனிக் காணவும் வேண்டாம். நடை முழுதும் புகை. பூட்டிய கதவு அந்தப் புகைக்குள் இருந்தது.

என்னோடு வந்த சிவப்பு வாளிகள் வைக்கோல் சுற்று பிரிக்காமல் கிடந்தன. அவற்றைப் பிய்த்தெடுத்து வாய்க்காலுக்கும் கிடங்குக்கும் ஆட்கள் வரிசையாக நின்று தண்ணீர் மாற்றினார்கள். ஒருவன் சாவிக்காக ஆற்றுக்கு ஓடினான். நான் ஜன்னலுக்கு ஓடினேன். உள்ளே ஞானமுத்து துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பிகளை நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். அவை அசையவே இல்லை.

அதற்குள் மைதீன் வண்டியைச் சுவரோரம் தள்ளி, அதன் மேல் ஏறிக் கூரைக்குப் போய்விட்டார். ஓடுகளைக் கைகளால் பிய்த்து எறிந்தார். ஒரு ஆள் நுழையுமளவு திறந்ததும் மாட்டுக் கயிற்றை உள்ளே விட்டார்.

"பிடிங்க காஷியரே! இடுப்புல கட்டுங்க!"

ஞானமுத்து கயிற்றைப் பார்த்தார். பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி வரட்டும்," என்றார் இருமலுக்கு நடுவே. "அவுக வந்து கதவைத் தொறக்கட்டும். ஓட்டைப் பிரிச்சு வெளிய வந்தேன்னா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாக?"

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். முட்டாள் என்றேன், பைத்தியம் என்றேன், இன்னும் அச்சில் ஏற்ற முடியாதவற்றையும் சொன்னேன். ஒரு மனிதன் கண்ணெதிரே புகையில் நின்றுகொண்டு, உயிர் போனாலும் பரவாயில்லை, சாவி வரட்டும் என்று காத்திருக்கிறான். என் ஆயுளில் அப்படி ஒரு அதிர்ச்சியை நான் அடைந்ததில்லை.

மைதீன் கத்தவில்லை. கயிற்றின் ஒரு முனையை உத்தரத்தில் கட்டிவிட்டு, அந்த ஓட்டை வழியாக உள்ளே குதித்துவிட்டார்.

"இப்பம் நானும் உள்ளதான் இருக்கேன்," என்று அவர் சொன்னது ஜன்னலில் தெளிவாகக் கேட்டது. "நீரு வந்தா நான் வருவேன், நீரு இருந்தா நானும் இங்கனதான். நீரு பெட்டியத் தொடலன்னு அல்லா மேல ஆணையாச் சொல்ல நான் சாட்சி. போதுமாவே? எனக்கும் புள்ளைக இருக்கு."

ஞானமுத்து கயிற்றைப் பிடித்தார். மைதீனுக்குப் பின்னால் கூரையேறியிருந்த ஆட்கள் முதலில் அவரையும் பிறகு மைதீனையும் இழுத்தெடுத்தார்கள்.

தண்ணீர் வரிசை ஓயாமல் வேலை செய்ததால் தீ கிடங்கில் பாதியோடு நின்றது. பெட்டியறையின் கதவு கரிந்து போயிருந்தது. பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது. ஏஜண்ட் ஈர வேட்டியோடு மூச்சிரைக்க ஓடி வந்தார், கையில் சாவி. வந்தவர் கேட்ட முதல் வார்த்தை, "பெட்டி?"

"உள்ள பத்திரமா இருக்கு அண்ணாச்சி," என்றார் ஞானமுத்து. முகமெல்லாம் கரி. அப்படியே தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். கோட்டைக் கழற்றி அவர் முன்னால் போட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

"சோதிச்சுக்கிடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

ஏஜண்ட் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மனிதர் குனிந்து கோட்டுப் பைகளைத் துழாவினார். நிமிர்ந்து ஞானமுத்துவின் இடுப்பு முடிச்சைத் தடவினார். நான் அவர் கையைத் தட்டிவிடப் போனேன். மைதீன் என் தோளைப் பிடித்தார்.

"விடுங்கய்யா. அது அவருக்கு வேணும்."

"ஒண்ணும் இல்ல," என்று ஏஜண்ட் கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் ஞானமுத்து கைகளை இறக்கினார். இறக்கியவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஏஜண்டும் தலையைக் குனிந்துகொண்டு, அவர் கோட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே நின்றார். அன்று சாப்பாட்டுக்கு என்னை அழைக்க அவருக்கும் வாய் வரவில்லை, போக எனக்கும் மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஞானமுத்துவே என்னைத் தேடி வந்தார். குரல் கட்டியிருந்தது.

"அந்தத் தாழ்ப்பாள் எனக்கு மட்டுமா, எல்லா ஆபீசுலயும் உண்டாய்யா?"

"எல்லாவற்றிலும். அதுதான் புத்தகத்தில் இருக்கிறது."

"மெட்ராஸ்லயும்?"

"அந்தப் புத்தகமே மெட்ராஸில் அச்சானதுதானே!"

தாழ்ப்பாளை மறுபடி வாங்கிப் பார்த்தார். "எல்லாக் காஷியருக்கும் அதான்னா, என் ஒருத்தனை மட்டும் யாரும் சந்தேகப்பட முடியாதுல்லா. அப்பம் மாட்டுங்க. ஆனா அதை எழுதித் தொங்கவிடணும்."

புதுக் கதவுக்குத் தாழ்ப்பாளைப் பொருத்தினோம். ஜன்னலுக்கு மேலே ஒரு பலகையில் சிவப்பு மையால் எழுத வைத்தேன்: இந்த அறை உள்ளிருந்து திறக்கும். கம்பெனியின் எல்லா ஆபீஸுகளிலும் இதே ஏற்பாடு. "எல்லா" என்ற சொல்லை மட்டும் இன்னும் பெரிதாக எழுதச் சொல்லி ஞானமுத்து பக்கத்திலேயே நின்றார். ஏஜண்ட் தன் கையாலேயே பலகையைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை மைதீனின் வண்டியில் திரும்பினேன். கூலிக்கு மேல் கொடுத்ததை அவர் வாங்கவில்லை. மாடுகளுக்குப் பருத்திக்கொட்டை மட்டும் வாங்கிக் கொடுக்க அனுமதித்தார்.

திங்கட்கிழமை காலை எழும்பூரில் இறங்கினேன். வீட்டுக்குப் போகாமல், குளிக்காமல், நேரே ஆபீஸுக்கு நடந்தேன். எல்லா ஆபீஸுகளிலும் என்று பலகையில் எழுதி வைத்துவிட்டு வந்தவன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனம் அரித்துக்கொண்டே வந்தது. எங்கள் காஷியர் அறை மாடியில் இருக்கிறது. நான் மாதாமாதம் சம்பளம் வாங்குவது முன்பக்க ஜன்னலில். பின்பக்கம் போக எனக்கு ஒருநாளும் காரியம் இருந்ததில்லை. அன்று சுற்றிக்கொண்டு போனேன்.

கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது.

தட்டினேன். "யாரது? சின்ன துரைகிட்டே சாவி இருக்கு, டிபனுக்குப் போயிருக்கார். பன்னிரண்டு மணிக்கு வாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எங்கள் பெரிய காஷியர், இருபது வருஷம் சர்வீஸ்.

"ஐயா, இடையில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

உள்ளே வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா கேட்டீங்க! அதெல்லாம் ஓட்டுக் கட்டிடத்துக்கு, பட்டிக்காட்டுக்கு. இவ்வளவு பெரிய கல் கட்டிடத்திலே தீ எங்கேருந்து வரும்?"

அவர் காலடிக்கு நேர் கீழே இருப்பது என்னுடைய கிடங்கு. நாற்காலி சுற்றும் வைக்கோல், வார்னிஷ் டின்கள், காய்ந்த மரம். சாவி வரும் வரையில் நான் அந்தக் கதவை விட்டு நகரவில்லை.